மோட்டார் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும் சகோதரிக்கு

கேள்வி: எனக்கு வயது 43. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தேன். இப்போது பட்டணத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து அம்மாவையும் என்னையும் அடிப்பார். அவருடைய மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டதும் தம்பிகளை எழுப்பிப் பின்வாசல் வழியாக தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைப் பாட்டி வீட்டுக்கு ஓடுவேன். மறுநாள் அம்மா வீங்கிய முகத்தோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போவார். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு 14 வயதில் அம்மா இறந்தார். தம்பிகளை நான்தான் ஆளாக்கினேன். எல்லாரும் என்னை இரும்பு மனுஷி என்பார்கள். இன்றுவரை குடும்பத்தில் எல்லாரையும் காரில் ஏற்றி இறக்குவதும் நான்தான். ஆனால் மகளுக்கு 10 வயதானதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன மாதம் மகளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அழ நினைத்தாலும் அழுகை வருவதில்லை. சில நாள் காலையில் விழிக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. சிறுவயதுத் துன்பங்களைக் கணக்கிடும் வினாப்பட்டியல் ஒன்றைக் கைப்பேசியில் நிரப்பினேன். 10-க்கு 6 வந்தது, ஆயுளில் 20 ஆண்டு குறையும் என்றிருந்தது. இப்போது 74 வயது அப்பாவுக்குப் பக்கவாதம். என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தம்பிகள் கேட்கிறார்கள். மன்னித்தால்தான் எனக்கு நிம்மதி வரும் என்கிறார் சித்தி. இவ்வளவு காலம் தாங்கியவள் இப்போது ஏன் உடைகிறேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிக் கடந்துவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். காலையில் விழிக்காமலே போயிருக்கலாம் என்ற எண்ணம் மிகுந்த களைப்பிலிருந்தும் வரலாம், சாக வேண்டும் என்ற நினைப்பின் முதற்படியாகவும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து இன்னதென்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே நேரில் இருந்தால் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்கிறேன்: உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா, அதற்கு வழி ஏதேனும் யோசித்தீர்களா? ஆம் என்றால் மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம். இன்றே கணவரிடம் சொல்லி அவரோடு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த அளவுக்கு இல்லை என்றாலும் மனம்விட்டுப் பேச உதவும் பெஃப்ரெண்டர்ஸ் (03-76272929), சுகாதார அமைச்சின் 15555, தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999 ஆகிய எண்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வெளியே சொன்னால் போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற பயம் நம் மக்களிடையே இன்னமும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இனி, ஏன் இப்போது என்ற உங்கள் கேள்வி. விடையை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், மகளுக்கு 10 வயதானதிலிருந்து என்று. தம்பிகளை இழுத்துக்கொண்டு இருட்டில் ஓடியபோது உங்களுக்கு ஏறத்தாழ அதே வயதுதான் இருந்திருக்கும். அந்த வயதில் ஒரு சிறுமி எவ்வளவு சிறியவள், அவள் கை எவ்வளவு மெலிந்தது, இருட்டுக்கு அவள் எப்படிப் பயப்படுவாள் என்பதை இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். அன்று உங்களை நீங்கள் சிறுமியாக நினைத்ததே இல்லை. நினைக்க நேரம் ஏது? பெற்ற பிள்ளை தாயின் துன்பம் தொடங்கிய வயதை எட்டும்போது பழைய நினைவுகள் கிளம்புவது என்னைப் போல மனநலத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி காண்கிற ஒன்று. இதை உடைவது என்று நான் சொல்லமாட்டேன். அன்று தள்ளிப்போட்ட பயமும் துக்கமும், கணவரும் பூட்டிய கதவும் சொந்தச் சம்பளமும் வந்தபிறகு, இனி வெளியே வரலாம் என்று கண்டுகொண்டு வருகின்றன.

தோட்டத்தில் எத்தனையோ மோட்டார்கள் ஓடியிருக்கும். அவற்றில் அப்பாவினுடையது எது, இன்று அவர் எந்த நிலையில் வருகிறார் என்பதைப் படுத்தபடியே பிரித்தறியும் காது உங்களுக்கு வாய்த்திருந்தது. அந்தக் காதுதான் உங்களையும் தம்பிகளையும் காப்பாற்றியது. ஆண்டுக்கணக்காக ஆபத்தை எதிர்பார்த்துப் பழகிய மூளை, ஆபத்து போய்விட்டது என்று யாரோ சொன்னதால் மட்டும் காவலை விட்டு இறங்குவதில்லை. அறிவு விளக்கம் கேட்பதற்குள் இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. நீண்டகாலக் கொடுமைக்கு ஆளானவர்களிடம் காணப்படும் சிக்கலான அதிர்ச்சிக் கோளாறு என்பது அதில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆபத்து இப்போதும் அருகிலேயே இருக்கிறது என்ற உணர்வு, பழைய காட்சிகள் திரும்ப வருவது, அவற்றை நினைவூட்டுபவற்றை ஒதுக்குவது ஆகியவற்றோடு, உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னைத் தாழ்வாக நினைத்தல், உறவுகளில் நெருங்க முடியாமை ஆகியவையும் அதன் அடையாளங்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் நோயைத் தீர்மானிப்பது தவறு. இப்படி ஒரு நிலை மருத்துவ உலகம் அறிந்தது, பெயர் உள்ளது, சிகிச்சை உள்ளது என்பதைத்தான் சொல்கிறேன்.

இரும்பு மனுஷி என்ற பட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். துன்பத்திலிருந்து எழுந்து வரும் ஆற்றலை நாங்கள் மீள்திறன் என்கிறோம். அந்தச் சொல்லின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மீள்வதென்றால் முன்பிருந்த நல்ல நிலைக்குத் திரும்புவது. வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் மீண்டார் என்று சொல்லலாம், ஏனெனில் வெள்ளத்துக்கு முன் அவருக்கு ஒரு வீடு இருந்தது. நினைவு தெரிந்த நாள்முதல் அடியையும் ஓட்டத்தையும் மட்டுமே கண்ட குழந்தை எந்த நிலைக்குத் திரும்புவது? அவள் போய்ச் சேரவேண்டிய நிம்மதி அவளுக்குப் பின்னால் இல்லை, அதை அவள் புதிதாகத்தான் கட்ட வேண்டும். நீங்கள் 43 வயதில் செய்யத் தொடங்கியிருப்பது அந்தக் கட்டுமான வேலை. இதுவரை செய்தது தாங்கும் வேலை. இரண்டுக்கும் தேவைப்படும் திறமைகள் வேறு. தாங்குவதற்கு யாரையும் எதிர்பாராமல் இருக்கத் தெரிய வேண்டும், நலமாய் இருப்பதற்கோ பிறர் தோளில் சாயத் தெரிய வேண்டும். முதலாவதில் நீங்கள் தேர்ந்தவர். இரண்டாவதில், மன்னிக்கவும், இன்னும் பாலர் வகுப்பில்தான் இருக்கிறீர்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பெண்களிடம் மட்டும் ஓயாமல் சொல்லிவந்த சமூகம் இந்தப் பாடத்தை நமக்குக் கற்றுத்தரவே இல்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் அவர்களுடைய 40 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். உங்களுக்கு இதை நான் சொல்ல ஒரு காரணம் உண்டு. அந்தத் தீவு கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டத் தீவு; பல பிள்ளைகள் ஜப்பானிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வறுமை, குடி, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல துன்பங்கள் ஒருசேரச் சூழ்ந்த வீடுகளில் வளர்ந்தார்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர், அதாவது 72 பேர், அன்பும் திறமையும் உள்ள பெரியவர்களானார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, பெற்றோர் தவறிய இடத்தில் பாட்டியோ, அத்தையோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ நிலையான அன்பு காட்டியது. தம்பி தங்கைகளைக் கவனிக்கும் பொறுப்பு அந்தப் பெண் பிள்ளைகள் பலருக்கு இருந்தது. ஆயாக் கொட்டகைப் பாட்டியை நீங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொற்றொடரில் முடித்துவிட்டீர்கள். எந்த இரவிலும் அவர் வீட்டுக் கதவு திறந்தது அல்லவா? உங்கள் வாழ்க்கையைக் கணக்கெழுதும் யாரும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. 18 வயதில் வழிதவறியும் தத்தளித்தும் நின்றவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிமிர்ந்தார்கள். மேற்கொண்டு படித்ததும், நல்ல துணை அமைந்ததும், ஒரு வழிபாட்டுச் சமூகத்தோடு சேர்ந்ததும் அவர்களுக்குத் திருப்பமாயின. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் தோட்டப் பெண்களே விடை. ஆனால் நன்றாக வந்த 72 பேரும் விலை கொடுக்காமல் வரவில்லை: மன அழுத்தத்தால் வரும் உடல் உபாதைகள் சிலருக்கு இருந்தன, நெருங்கிய உறவிலும் ஒரு விலகல் இருந்தது, தங்களை மூழ்கடிக்கக்கூடிய குடும்பத்தாரிடமிருந்து தள்ளியிருக்கும் தேவையும் இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அப்பா விஷயத்தில் அதற்குத் திரும்புவேன்.

கைப்பேசியில் வந்த அந்த 6-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வினாப்பட்டியல், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பின்னாளில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதயநோயும் கூடுகின்றன என்பதை அது காட்டியது. அது மதிப்புள்ள கண்டுபிடிப்பு. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அடி ஒருமுறை விழுந்ததா ஓராயிரம் முறை விழுந்ததா என்று அது கேட்பதில்லை, ஓடிப்போக ஒரு பாட்டி வீடு இருந்ததா என்றும் கேட்பதில்லை. தனி மனிதருடைய எதிர்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அண்டாவே 2020-இல் எச்சரித்தார். 20 ஆண்டு என்பது அந்த ஆய்வில் பங்குபெற்று, கண்காணித்த காலத்துக்குள் இறந்துபோனவர்களின் சராசரி வயதுகளுக்கிடையே இருந்த வேறுபாடு. உங்கள் ஆயுள் ரேகை அன்று. சோதிடர் சொன்னால் நம்பாத நம்மில் பலர் கைப்பேசி சொன்னால் நம்பிவிடுகிறோம்.

மகள் மீது கை ஓங்கியதைச் சொல்லும் இடத்தில்தான் உங்கள் எழுத்து நடுங்குகிறது. 1975-இல் செல்மா ஃபிரைபெர்க் என்ற குழந்தை உளப்பகுப்பாய்வாளர் தம் சகாக்களோடு எழுதிய ஒரு கட்டுரையில், அடிபட்டு வளர்ந்த எல்லாத் தாய்மாரும் தம் பிள்ளைகளை அடிப்பதில்லை, யார் அடிப்பதில்லை என்று கேட்டார். நடந்த நிகழ்ச்சிகளை நினைவு வைத்திருப்பது மட்டும் போதவில்லை, அன்று பட்ட பயத்தையும் வலியையும் மீண்டும் உணர முடிந்த தாய்மார் பிள்ளையின் பக்கம் நின்றார்கள் என்பது அவர் கண்டது. நீங்கள் உங்கள் கதையைக் கணக்கறிக்கை போல வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அழுகை வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கண்ணீர் வருவதைப் பலவீனம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் சிகிச்சையின் நடுவே வரும்; வரும்போது மகளுக்குத்தான் அதன் முதல் நன்மை போய்ச் சேரும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. மகளிடம் உட்கார்ந்து, அன்று அம்மா கை ஓங்கியது தவறு, நீ எதுவும் செய்ததால் அல்ல, அம்மாவுக்குத் தூக்கமில்லாததால் கோபம் வந்துவிட்டது, இனி கோபம் வந்தால் நான் வெளியே போய் நின்றுவிட்டு வருவேன் என்று சொல்லுங்கள். உங்கள் அப்பாவின் கதையை 10 வயதுப் பிள்ளையின் தலையில் இறக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்கும் பெரியவரை நீங்கள் சிறுவயதில் ஒருநாளும் பார்த்திருக்கமாட்டீர்கள் என்பதால் இது வாயில் வராமல் தடுமாறும், தடுமாறியே சொல்லுங்கள்.

இனி அப்பா. இந்த ஆண்டு அவரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்பதே என் கருத்து, அதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். பக்கவாதத்தில் கிடக்கும் முதியவரால் இனி உங்களை அடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவர் இருமுவதும், கட்டிலில் புரள்வதும், உங்கள் பெயரைக் கூப்பிடுவதும் நீங்கள் தூங்கும் அறைக்குக் கேட்கும். இப்போதே மோட்டார் சத்தத்துக்கு எழுந்து உட்காரும் உடல் அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? பெற்றவருக்குச் செய்யும் கடமை வேறு, அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பது வேறு. நம் உறவினர்கள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். தம்பிகள் இருவரும் நீங்கள் ஆளாக்கிய பிள்ளைகள், இன்று வளர்ந்த ஆண்கள். அப்பாவை ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், மற்றவர் வாரக் கடைசியில் மாற்றிவிடட்டும், நீங்கள் பணத்தில் ஒரு பங்கு தாருங்கள். படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்போருக்குச் சமூகநலத் துறை தரும் மாத உதவிக்கு விண்ணப்பிக்கும் தாள் வேலையை நீங்கள் செய்யலாம், அதில் உங்களைவிடத் தேர்ந்தவர் அந்தக் குடும்பத்தில் இல்லை. கவாய்ப் பெண்கள் தள்ளி நின்றதற்குக் காரணம் கல்மனம் அன்று.

மன்னிப்பைப் பற்றிச் சித்தி சொன்னதை நல்லெண்ணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னித்தால்தான் குணமாகலாம் என்று எந்தச் சிகிச்சை முறையும் நிபந்தனை வைப்பதில்லை. உங்கள் அப்பாவும் ஒரு காலத்தின் விளைவுதான். தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடைக்கு இடம் கொடுத்த வரலாறும், கையில் நிலமோ உறுதியான நாளையோ இல்லாத ஆண்கள் மலிவான சம்சுவில் விழுந்த வரலாறும் நமக்குத் தெரியாததல்ல. அதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு உதவலாம். ஆனால் பக்கத்து லயங்களில் அதே சம்பளம் வாங்கி, அதே வெயிலில் பால் வெட்டிய மற்ற ஆண்கள் எல்லாரும் பெண்டாட்டி பிள்ளையை அடிக்கவில்லை. காரணம் தெரிவதால் பொறுப்பு நீங்கிவிடாது.

சிகிச்சைக்கு எங்கே போவது? உங்கள் ஊரிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள். 1 வெள்ளிதான் செலவு. தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், சிறுவயதில் வீட்டில் அடி நடந்தது, இப்போது பழையதெல்லாம் திரும்ப வருகிறது, சாவெண்ணமும் இடையிடையே வருகிறது என்ற மூன்றையும் சொல்லி, மனநலப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வினாத்தாள் கொடுப்பார்கள், மலாயில் இருக்கும். அங்கேயே இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 43 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்களும், தைராய்டும், இரத்தச் சோகையும், நம் இனத்தாரிடம் மிகுந்து காணப்படும் இனிப்புநீர் என்னும் நீரிழிவும்கூடத் தூக்கத்தையும் மனத்தையும் கெடுக்கக்கூடியவை. எல்லாவற்றையும் அப்பா கணக்கில் எழுதிவிடக்கூடாது. அங்கிருந்து மனநல நிபுணருக்கோ சமூக மனநல மையமான மெந்தாரிக்கோ அனுப்பும்படி சூராட் ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தூக்க மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தால், வாங்கிக்கொண்டு, கடிதத்தையும் கேளுங்கள்.

நம் பேராக்கில் வளர்ந்த யாருக்கும் இந்த இடத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயர் நெஞ்சில் இடிக்கும். 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே தோட்டத்தில் நாம் ஒருவரையொருவர் கேலி செய்து வளர்ந்தோம். இன்று மனநலச் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே வந்து பேசிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையையும், கண்ணசைவின் துணையோடு நினைவுகளைப் பதப்படுத்தும் இஎம்டிஆர் முறையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. தனியார் ஆலோசகரிடம் போனால், 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவும் துக்கமும், அதன்பின் மனிதர்களோடு மீண்டும் இணைவது என்று ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்த வரிசையைத்தான் எங்களில் பலர் இன்றும் பின்பற்றுகிறோம். கோயிலுக்குப் போவது மனத்துக்கு ஆறுதல் என்றால் தாராளமாகப் போங்கள். பிடித்த கெடுதலுக்குக் கழிப்பு எடுப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

சந்திப்பு கிடைக்கும்வரை இரவுகளுக்கு ஒரு பயிற்சி. மோட்டார் சத்தத்துக்கு விழித்துக்கொண்டால், படுத்தபடி மனத்தோடு வாதாட வேண்டாம், அது வேலைக்காகாது. எழுந்து விளக்கைப் போடுங்கள். வெறுங்காலைத் தரையில் ஊன்றி அதன் குளிர்ச்சியைக் கவனியுங்கள். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். பிறகு வாய்விட்டு, மெதுவாக, எனக்கு 43 வயது, இது என் வீடு, வாசல் சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். முதல் சில இரவுகளில் அசட்டுத்தனமாகத் தோன்றும். லயத்து வீட்டில் அந்தச் சாவி உங்களிடம் இருந்ததில்லை என்பதை உங்கள் உடல் நினைவில் வைத்திருக்கிறது. புதிய செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது நம்பத் தொடங்கும்.

கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை, ஒரு விவரமும் இல்லை. அவருக்கு இவற்றில் எவ்வளவு தெரியும்? நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். வாயால் சொல்வதைவிட அது எளிது. முதல் சந்திப்புக்கு ஈப்போ வரவேண்டி வந்தால் தனியாக வராதீர்கள். அன்று ஒருநாள் காரை அவர் ஓட்டட்டும். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாருங்கள்.